வரைபட வேலைக்கு வீட்டு மேஜையும் அலுவலக மேஜையும்

கணினித் திரையில் நிலப்படம் வரைவோரும், பாடத்திற்கென அசையும் படங்களை ஆக்குவோரும், தம் வேலைக்குரிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் முதன்முதலாக எழுப்பும் கேள்வி, எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்பதேயாகும். கேள்வி இயல்பானதே. கடைக்காரரும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார். விலைப்பட்டியலில் பெரும்பாலும் பெரிய தொகை அதற்கு எதிரேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அலுவலகங்கள் அடைபட்டது முதல் வீட்டிலும் அலுவலகத்திலும் மாறிமாறி இத்தகைய வேலையைச் செய்யும் வழக்கம் பரவியிருக்கும் நிலையில், அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. படங்களும் அவற்றின் கோப்புகளும் எங்கே இருத்தல் வேண்டும் என்பதே அது. இதற்கு விடை காணாமல் எத்துணை விலையுயர்ந்த கார்டு வாங்கினாலும் வேலை செம்மைப்படுவதில்லை.

கனமான படங்களும் அவற்றைக் கையாளும் கனமான இயந்திரமும் ஓரிடத்திலேயே நிலையாக இருக்க, வேலை செய்பவர் எந்த மேஜையிலிருந்தும் அவற்றை அணுகுவதே முறை. இதற்கு மாறாக, வீட்டில் ஓர் இயந்திரம், அலுவலகத்தில் ஓர் இயந்திரம், இரண்டிற்கும் இடையே சட்டைப்பையில் பென் டிரைவ் என்னும் ஏற்பாடே இன்று பல இடங்களில் காணப்படுகிறது. இது செலவையும் கூட்டுகிறது, பிழையையும் கூட்டுகிறது.

வேலையின் அளவை முதலில் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஸ்வாமித்வ திட்டத்தில், கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகள் ட்ரோன்கள் வாயிலாகப் படம் பிடிக்கப்பெற்று 1:500 என்னும் அளவையில் நிலப்படங்களாக வரையப்படுகின்றன. இவ்வளவையில் தரையிலுள்ள 5 சென்டிமீட்டர், தாளில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காகும். ஒரு படப்புள்ளி தரையில் 5 சென்டிமீட்டரைக் குறிக்குமாயின், ஒரு சதுர மீட்டருக்கு 400 புள்ளிகள் வேண்டும். இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 80 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் ஒவ்வொரு பைட் என்று கொண்டால் 240 கோடி பைட், அதாவது 2.4 கிகாபைட் ஆகிறது. இது முடிந்த படத்தின் அளவு மட்டுமே. அதனை ஆக்குவதற்கு மூலமான சில நூறு தனிப்படங்களும், இடையில் பிறக்கும் கோப்புகளும் இதில் சேரவில்லை.

இப்படம் ஒன்றை விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அனுப்புவதற்கு முப்பத்திரண்டு நிமிடம் செல்லும். வீடுகளுக்கு வரும் இணைப்புகளிற் பலவற்றில் இறக்கும் வேகம் மிகுதி, ஏற்றும் வேகம் குறைவு என்பதும் நினைவில் இருத்தற்குரியது. காலையில் இறக்கி, மாலையில் திருத்தி ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால், நாளில் ஒரு பகுதி கோப்பை நகர்த்துவதிலேயே கழிகிறது. பென் டிரைவ் பிறந்தது இத்தொல்லையிலிருந்துதான்.

அடுத்து, இயந்திரம் எங்கே தடுமாறுகிறது என்பதைக் காண்போர் சிலரே. திரையில் படம் மெல்ல விரியும்போது கிராபிக்ஸ் கார்டு போதவில்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுக் கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் போன்ற நிலப்பட மென்பொருள்கள், இருபரிமாணப் படத்தைத் திரையில் வரைவதற்குப் பெரும்பாலும் கணினியின் மையச் செயலியையே நம்பியிருக்கின்றன. அங்கே தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் வட்டும் நினைவகமுமே. சுழலும் பழைய வட்டு ஒரு விநாடியில் ஏறத்தாழ 150 மெகாபைட் படிக்கும். மேற்கூறிய கிராமப் படம் முழுவதையும் படிக்க அதற்குப் பதினாறு விநாடி ஆகும். சாதாரண எஸ்.எஸ்.டி. வட்டு ஐந்து விநாடியில் முடித்துவிடும். புதிய வகை எஸ்.எஸ்.டி.க்கு ஒரு விநாடி கூட வேண்டியதில்லை. இவ்வட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவு, புதிய கார்டு வாங்குவதற்கு ஆவதில் ஒரு சிறு பங்கே.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. திரையில் கிராமம் முழுவதும் தெரியும்போது, 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகளே காட்டப்படுகின்றன. அதற்காக 80 கோடிப் புள்ளிகளையும் படிப்பது, ஒரு சொல்லின் பொருள் காண அகராதி முழுவதையும் வாசிப்பதை ஒக்கும். ஆகவே மூலப் படத்தோடு, அதன் நீள அகலங்களைப் பாதியாக, காலாக, அரைக்காலாகக் குறைத்த சிறு பிரதிகளையும் முன்னரே ஆக்கிச் சேர்த்துவிடுவது வழக்கம். இதனைப் பிரமிடு அமைத்தல் என்பர். இப்பிரதிகள் அனைத்தும் சேர்ந்து மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தையே மேலும் பிடிக்கும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் படத்தின் பண்புகள் பகுதியிலேயே இதற்கு வசதி இருக்கிறது. இதனை ஒருமுறை செய்து பார்த்த அலுவலர், கார்டு வாங்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் கூடும்.

கார்டு வேண்டவே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. முப்பரிமாண உருவங்களுக்கு ஒளியும் நிழலும் கணக்கிட்டு வரையும் பிளெண்டர் போன்ற மென்பொருள்களுக்குக் கார்டு பேருதவி செய்கிறது. அங்கேயும் கார்டின் வேகத்தைப் போலவே அதற்கென உள்ள நினைவகத்தின் அளவும் முக்கியம். காட்சி முழுவதும் அதில் அடங்காவிடின் வேகம் வீழ்ந்துவிடும், அல்லது வேலையே நின்றுவிடும். ட்ரோன் படங்களை ஒன்றாய் இணைக்கும் வேலையிலோ, கார்டு சில கட்டங்களுக்கு மட்டுமே உதவுகிறது. ராம் நினைவகமே பெரும் தேவை. ஐந்நூறு படங்கள் கொண்ட தொகுதியை இணைக்க 32 கிகாபைட் ராம் இருத்தல் நலம். எட்டு கிகாபைட் ராமும் ஆடம்பரமான கார்டும் கொண்ட இயந்திரத்தில் இவ்வேலையைத் தொடங்கிவிட்டு, நள்ளிரவில் அது நின்றுபோனதைக் காலையில் வந்து கண்டவர்கள் பலர்.

பிழையைப் பற்றிக் கூறியதை இனி விளக்க வேண்டும். ஸ்வாமித்வ முறையில், ட்ரோன் பறப்பதற்கு முன்னர் ஊர் மக்களும் அலுவலர்களும் சேர்ந்து ஒவ்வொரு மனையின் எல்லையிலும் சுண்ணாம்புக் கோடு இடுகின்றனர். அக்கோடு வானிலிருந்து எடுத்த படத்தில் தெரிகிறது. அலுவலகத்தில் அதன்மேல் எல்லை வரையப்படுகிறது. பின்னர் அச்சிட்ட படத்தோடு களப் பணியாளர் ஊருக்குத் திரும்பி, வீடு வீடாகச் சரிபார்த்துத் திருத்தங்களைக் குறித்து வருகிறார். ஆட்சேபங்கள் கேட்டு முடித்த பின்னரே சொத்து அட்டை வழங்கப்படுகிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள சந்து இப்படத்தில் இரண்டு மில்லிமீட்டர். அந்தச் சந்து எவருடையது என்பதில் இரு குடும்பங்களுக்கிடையே ஒரு தலைமுறைக் கால வழக்கு இருத்தலும் கூடும்.

திங்கட்கிழமை களத்திலிருந்து வந்த திருத்தத்தை ஒருவர் இரவில் வீட்டுக் கணினியில் பதிந்து, செவ்வாயன்று அலுவலகத்திற்குப் பென் டிரைவைக் கொண்டுவர மறந்தார் என்று வைத்துக்கொள்வோர், பின்விளைவை எளிதில் ஊகிக்கலாம். அலுவலகத்தில் இருக்கும் பழைய பிரதியின்மேல் மற்றொருவர் வேறு திருத்தங்களைச் செய்கிறார். வாரக் கடைசியில் 'இறுதி', 'புதிய இறுதி', 'இறுதி 2' என்று மூன்று கோப்புகள் சேருகின்றன. எதில் சந்தின் எல்லை சரியாக இருக்கிறது என்பதைக் கோப்பின் பெயரிலிருந்து அறிய இயலாது. தேதியிலிருந்தும் திட்டமாக அறிய இயலாது. நகல் எடுத்த தேதியே சிலபோது திருத்திய தேதியாகத் தோன்றும். அச்சாவது மூன்றில் ஏதோ ஒன்று. சுண்ணாம்புக் கோடு இதற்குள் மழையில் கரைந்துபோயிருக்கும்.

இன்னும் நுட்பமான தவறு ஒன்றும் உண்டு. இந்தியாவின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்டு கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் வழி அளவைகள் டபிள்யூஜிஎஸ்-84 என்பதை அடிப்படையாகக் கொண்டவை. ஒரே அட்சரேகை தீர்க்கரேகை எண்களை ஒன்றிலிருந்து மற்றொன்றில் அப்படியே இட்டால், இடம் தரையில் பல பத்து மீட்டர், சில பகுதிகளில் நூறு மீட்டருக்கு மேலும் விலகிவிடும். அலுவலக இயந்திரத்தில் ஒருவாறும் வீட்டு இயந்திரத்தில் வேறாகவும் இவ்வமைப்பு இருந்தால், வரைபவர் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் பயன் இல்லை. தமிழிலோ பிற இந்திய மொழியிலோ ஊர்ப்பெயர் எழுதுவதிலும் இதுவே நேர்கிறது. ஓர் இயந்திரத்தில் உள்ள எழுத்துரு மற்றதில் இல்லாவிடின், பெயர்களுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் அச்சாகின்றன. யூனிகோடு எழுத்துக்கு முந்திய காலத்துக் கோப்புகளை இன்னும் வைத்திருக்கும் அலுவலகங்கள் இத்துன்பத்தை நன்கு அறியும்.

பழைய நில அளவையில் இக்குழப்பத்திற்கு இடம் குறைவு. 1802-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையில், அவருடைய பெரிய தியோடலைட்டு ஏறத்தாழ அரை டன் எடை. அதனைத் தேடி மனிதன் போனானேயன்றி, ஆளுக்கொன்றாக வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சு எழவில்லை. களத்தில் கண்ட கோணங்கள் குறிப்புப் புத்தகத்தில் ஏறின. கணக்கு, கணக்கீட்டு அலுவலகத்தில் நடந்தது. வசதியின்மையே அங்கே ஒழுங்கைக் காத்தது எனலாம். இன்று நகல் எடுப்பது ஒரு விநாடி வேலையாகிவிட்டமையால், அவ்வொழுங்கை வேண்டுமென்றே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி, ரிமோட் டெஸ்க்டாப் எனப்படும் ஏற்பாடே. அலுவலகத்தில் உள்ள வலிய இயந்திரம் அங்கேயே இயங்குகிறது. படங்களும் அதன் வட்டிலேயே இருக்கின்றன. வீட்டிலுள்ள எளிய கணினிக்கு வருவது திரையின் தோற்றம் மட்டுமே. இங்கிருந்து அங்கே செல்வது விசைகளும் சுட்டியின் அசைவுகளும். திரையில் மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கி அனுப்புவதால், 2.4 கிகாபைட் படத்தில் வேலை செய்தாலும் இணைப்பின்மேல் அச்சுமை ஏறுவதில்லை. விநாடிக்குப் பத்து மெகாபிட் அளவுள்ள நிலையான இணைப்பு, எல்லை வரையும் வேலைக்குப் பெரும்பாலும் போதும். இணைப்பின் அகலத்தைவிட அதன் தாமதமே இங்கே கவனிக்கத் தக்கது. சுட்டியை அசைத்ததற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழியுமாயின், கை தடுமாறத் தொடங்கும். கோட்டை நுட்பமாக வைப்பது கடினமாகும். கம்பியில்லா இணைப்பை விட்டு, மோடத்திலிருந்து மேஜைக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டாலே இத்தாமதம் பல வீடுகளில் குறைகிறது. அலுவலகத்து இயந்திரத்தை நேரே இணையத்தில் திறந்து வைப்பது கூடாது, வி.பி.என். வழியாகவே புக வேண்டும்.

இதற்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு நெறிமுறைகள், நிலப்படம் ஆக்குவதற்கு முன்னர் வேண்டியிருந்த அனுமதிகளிற் பெரும்பாலானவற்றை நீக்கின. எனினும், ஒரு மீட்டரினும் நுண்ணிய கிடைத்துல்லியம் உள்ள தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட்டு இந்தியாவிலேயே கையாளப்பட வேண்டும் என்று அவை விதிக்கின்றன. 5 சென்டிமீட்டர் நுட்பமுள்ள கிராமப் படத்தை, வசதிக்காகத் தம் சொந்தக் கணக்கில் எங்கோ ஒரு வெளிநாட்டுச் சேமிப்பகத்தில் ஏற்றி வைப்பவர், விதியை மீறும் எண்ணமின்றியே மீறியவராகிறார்.

இவ்வேற்பாட்டிற்கு எதிராகக் கூறப்படும் காரணங்களில் ஒன்று வலிமையுடையது. ஓர் இயந்திரம் பழுதானால் அனைவரும் கைகட்டி நிற்க வேண்டும் என்பதே அது. உண்மை. ஆகையால் வலிய இயந்திரத்திற்கு மிச்சமாகும் பணத்தில் முதற்பங்கு, ஒவ்வோர் இரவும் தானாகப் பிரதி எடுக்கும் தனி வட்டுக்கும், வேறு கட்டடத்தில் வைக்கப்படும் இன்னொரு பிரதிக்கும் செல்ல வேண்டும். இணைப்பே சரியாக இல்லாத சிற்றூர்களில் ரிமோட் டெஸ்க்டாப் நடவாது என்பதும் உண்மையே. அங்கே வேறு வழியின்றிக் கோப்பு வீட்டிற்குச் செல்லட்டும். ஆனால் முழுப் படமும் செல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவுக்குரிய பகுதியை வெட்டி எடுத்து, எவர், எந்நாள், எப்பகுதி என்று ஒரு பதிவேட்டில் எழுதி, அது திரும்பும் வரை அப்பகுதியில் பிறர் கை வைக்காமல் இருந்தால் போதும். படச்சுருள்களைக் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்த பழைய பதிவறைப் பழக்கமே இது.

வீட்டு மேஜைக்கு வேண்டியது அப்போது மிகச் சிலவாகின்றன. அவற்றுள் திரையே முதன்மை. நாள் முழுவதும் எல்லை வரைபவர்க்கு மடிக்கணினியின் சிறு திரை கண்ணுக்கும் கழுத்துக்கும் தண்டனை. தனித் திரை ஒன்றைக் கண் மட்டத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். 3840 × 2160 புள்ளிகள் கொண்ட திரை, சாதாரணத் திரையைப் போல் நான்கு மடங்குப் புள்ளிகளைக் காட்டும். அதனால் அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை. சன்னலுக்கு நேரே திரையை வைத்தலும், சன்னலுக்கு முதுகு காட்டித் திரையை வைத்தலும் ஒருங்கே தவறு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுவதே நன்று. நிறத்தைக் கொண்டு பயிர் வகை பிரிப்போர், வீட்டுத் திரையில் பச்சையாகத் தோன்றியது அலுவலகத் திரையில் மஞ்சளாகத் தோன்றுவதைக் கண்டிருப்பர். இரு திரைகளையும் ஒரே நிற அமைப்பில் வைத்து, நிறம் பற்றிய முடிவை ஒரு திரையில் மட்டுமே செய்வது பாதுகாப்பு.

மின்சாரம் பற்றியும் சிறிது கூற வேண்டும். முழு வேகத்தில் 500 வாட் இழுக்கும் இயந்திரத்தை, வீடுகளில் வழக்கமாகக் காணும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்காது, அத்தகைய யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தர வல்லது. மின்தடை நேரும் கணத்திலேயே அதுவும் அணைந்துவிடும். வேனிற்காலத்தில் அறையின் வெப்பம் நாற்பது டிகிரியை எட்டும்போது, கார்டும் செயலியும் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. விலை கொடுத்து வாங்கிய வேகம் பங்குனி, சித்திரையில் கிட்டுவதில்லை. வலிய இயந்திரத்தைக் குளிர்ச்சியும் தூய்மையும் உள்ள ஓர் அறையில் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். எளிய மடிக்கணினியும் தனித் திரையும் சேர்ந்து நூறு வாட்டுக்குள் அடங்கும். அதே 600 வி.ஏ. யு.பி.எஸ். அவற்றைச் சில நிமிடங்களேனும் நன்றாகத் தாங்கும்.

ஆசிரியர்களின் தேவை சற்று வேறுபட்டது. சந்திரன் பூமியைச் சுற்றும் தளம், பூமி சூரியனைச் சுற்றும் தளத்தோடு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் ஒவ்வோர் அமாவாசையிலும் சூரிய கிரகணம் நேர்வதில்லை. தாளில் வரைந்த தட்டைப் படத்தால் இதனை மாணவர் மனத்தில் பதிய வைப்பது கடினம். சுற்றிச் சுழன்று காட்டும் ஒரு நிமிட அசையும் படம் எளிதில் செய்துவிடும். பிளெண்டரில் அதனை ஆக்க முனையும் ஆசிரியர், விநாடிக்கு 24 சட்டம் வீதம் 1,440 சட்டங்கள் வேண்டியிருப்பதைக் காண்பார். சட்டத்திற்கு நான்கு நிமிடம் ஆனால் 5,760 நிமிடம். வீட்டிலுள்ள ஒரே கணினி இரவும் பகலும் நான்கு நாள் ஓட வேண்டும். கார்டு வாங்கும் ஆசை இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

ஆனால் பள்ளியின் கணினி அறையில் பத்துக் கணினிகள் மாலை முதல் காலை வரை சும்மா இருக்கின்றன. ஆளுக்கு 144 சட்டம் என்று பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 576 நிமிடம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலை மறுநாள் விடியுமுன் நான்கு மணிக்குள் முடிந்துவிடும். இதற்குத் தனி வலையமைப்போ மென்பொருளோ வேண்டியதில்லை. முதற் சட்டம், கடைசிச் சட்டம் என்னும் இரண்டு எண்களைக் கணினிதோறும் மாற்றினால் போதும். எல்லாவற்றிலும் ஒரே பதிப்புப் பிளெண்டர் இருக்க வேண்டும். காணொளியாக அன்றித் தனித்தனிப் படங்களாகச் சேமித்தால், இடையில் மின்சாரம் நின்றாலும் அதுவரை முடிந்த சட்டங்கள் அழிவதில்லை. நிழல்களில் மிகுந்த நுட்பம் வேண்டாத பாடங்களுக்குப் பிளெண்டரிலேயே உள்ள விரைவான வரைமுறையைக் கையாண்டால், பத்துக் கணினிகளும் தேவைப்படா. ஆசிரியர் வீட்டில் செய்ய வேண்டியது காட்சியை அமைப்பது மட்டும். அதற்குச் சாதாரணக் கணினி போதும். கணினி அறையின் சாவி தலைமையாசிரியர் மேஜையில் ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது என்பதே பல பள்ளிகளில் உண்மையான தடை. அதற்குத் தீர்வு கடையில் விற்பதன்று.

இறுதியாக, செலவு எவருடையது என்னும் வினா. வீட்டில் வலிய இயந்திரம் நாளுக்கு எட்டு மணி நேரம் 500 வாட் வீதம் ஓடினால் நான்கு யூனிட். மாதம் இருபத்தைந்து நாளுக்கு நூறு யூனிட். அது பணியாளர் வீட்டு மின்கட்டணத்தில் ஏறுகிறது. பலருக்குக் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. இணைப்பின் வாடகையும், மேஜையும், நாற்காலியும் அவ்வாறே. அலுவலக வேலைக்கு அலுவலகமே கருவி தர வேண்டும் என்னும் கொள்கையைக் களத்தில் எவரும் மறுப்பதில்லை. நில அளவையாளர் தம் சொந்தச் சங்கிலியைக் கொண்டுவர வேண்டும் என்று எவரும் கூறியதில்லை. மேஜை வீட்டில் இருக்கும் காரணத்தினாலேயே அக்கொள்கை மாற வேண்டியதில்லை. ஒரு திரை, ஒரு யு.பி.எஸ்., இணைப்பின் மாத வாடகை ஆகிய மூன்றையும் அலுவலகம் தன் இருப்புப் பதிவேட்டில் எழுதிப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். ஆளுக்கொரு வலிய இயந்திரம் வாங்குவதற்கு ஆகும் தொகையில் இது சிறு பகுதியே ஆகும். வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பும் வேண்டியதில்லை.